பழைய அலுவலகக் கணினியில் ஜிடிஎக்ஸ் 1650: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

அலுவலகங்கள் பயன்படுத்தி முடித்து விற்றுவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மினி டவர் கணினி ஒன்றில், நிவிடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நான்காம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5-4590 பிராசசர், 290 வாட் பவர் சப்ளை, 8 ஜிபி டிடிஆர்3 ரேம் ஆகியவை இக்கணினி என் கைக்கு வந்தபோது இருந்தவை. சென்னை ரிச்சி தெருவில் இவ்வகைக் கணினிகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதால், இதில் எந்தக் கார்டு போடலாம் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள் என்றுதான் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்.

மூடியைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது பவர் சப்ளையின் கேபிள்கள். வழக்கமான 24 பின் இணைப்புக்குப் பதிலாக டெல் தனக்கென வைத்துக்கொண்ட 8 பின் இணைப்பு மதர்போர்டில் இருப்பதால், கடையில் கிடைக்கும் பொதுவான ஏடிஎக்ஸ் வகைப் பவர் சப்ளையை அப்படியே மாட்ட முடியாது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாக மின்சாரம் தரும் 6 பின் கேபிளும் இதில் இல்லை. ஆகவே, கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக வரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு மட்டுமே இங்கே பொருந்தும். அந்த 75 வாட்டிலும் 12 வோல்ட் தடத்தில் கிடைப்பது 66 வாட்தான். பிராசசருக்கு 84 வாட், கார்டுக்கு 75 வாட், மதர்போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 40 வாட் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் 200 வாட்டை ஒட்டித்தான் வருகிறது. 290 வாட் பவர் சப்ளை அதைச் சிரமமின்றித் தாங்குகிறது. சாட்டா மின் இணைப்பிலிருந்து 6 பின்னுக்கு மாற்றித் தரும் சிறு கேபிள்கள் மலிவாக விற்கப்படுகின்றன. டிஸ்குக்கென வடிவமைக்கப்பட்ட அந்த இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்டுக்கு மேல் தாங்காது; 6 பின் கார்டு அதன் வழியே 75 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்மையானது என்பதால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வரம்புக்குள் கிடைக்கும் கார்டுகளில் ஜிடி 1030 பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் வந்த இக்கார்டு, அடுத்த ஆண்டே சாதாரண டிடிஆர்4 நினைவகத்துடனும் அதே பெயரில் விற்கப்பட்டது. முதலாவதில் நினைவகத்தின் வேகம் நொடிக்கு 48 ஜிபி. இரண்டாவதில் ஏறத்தாழ 17 ஜிபி. விளையாட்டுகளில் பாதி வேகம்கூடக் கிடைக்காத இந்த இரண்டாவது கார்டின் பெட்டியிலும் ஜிடி 1030 என்றுதான் பெரிதாக அச்சிட்டிருக்கும். நினைவக வகை மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். வாங்குபவரை இப்படித் தடுமாற வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்டில் இயங்குகிறது, ஒல்லியான பெட்டிகளிலும் நுழைகிறது. ஆனால் அது ஸ்லாட்டின் தரவுத் தடங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்துவதால், வேகம் குறைந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 மட்டுமே உள்ள இரண்டாம் தலைமுறை இன்டெல் கணினிகளில், 4 ஜிபி நினைவகம் நிரம்பும் தருணத்தில் ஆட்டம் திக்கித் திணறும். திரையை வீடியோவாகப் பதிவுசெய்ய உதவும் வீடியோ என்கோடரும் அதில் கிடையாது. இன்டெலின் ஆர்க் ஏ380, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒருசேர அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய மதர்போர்டில் தன் வேகத்தில் கணிசமான பகுதியை இழந்துவிடும். இவற்றையெல்லாம் கழித்த பின், 2019இல் வெளிவந்த, 896 கோர்களும் 4 ஜிபி ஜிடிடிஆர்5 நினைவகமும் கொண்ட ஜிடிஎக்ஸ் 1650ஐத் தேர்ந்தெடுத்தேன். இதே பெயரில் 6 பின் இணைப்பு கேட்கும் கார்டுகளும் இருப்பதால், கார்டின் மேல் விளிம்பில் இணைப்பு இல்லை என்பதைப் படத்தில் பார்த்து உறுதிசெய்த பிறகே வாங்கினேன்.

பயன்பாட்டில் முதலில் உணர்ந்த மாற்றம் விளையாட்டில் அல்ல, வீடியோவில். இந்தப் பிராசசரிலேயே உள்ள எச்டி 4600 கிராபிக்ஸில் யூடியூப் பயன்படுத்தும் விபி9 வகை வீடியோவை முழுமையாகக் கையாளும் வன்பொருள் இல்லாததால், யூடியூபில் 4கே வீடியோ ஓடும்போது நான்கு கோர்களும் மூச்சுமுட்டும். கார்டு வந்த பிறகு அந்த வேலை முழுவதும் அதற்குப் போய்விட்டது. வீடியோ ஒரு பக்கம் ஓட, மற்ற வேலைகளைத் தடையின்றிச் செய்ய முடிகிறது. ஏவி1 என்ற புதிய வகை வீடியோவை மட்டும் இக்கார்டு கையாளாது, அது மீண்டும் பிராசசரின் தலையில்தான் விழும். 1080பி அளவு வரை அதில் சிரமம் தெரியவில்லை.

விளையாட்டுகளில் நிலைமை வேறு. ஜிடிஏ 5 போன்ற சற்றுப் பழைய ஆட்டங்கள் 1080பியில் நல்ல தரத்துடன் சீராக ஓடுகின்றன. புதிய ஆட்டங்களில் திரையின் மூலையில் அளவீடுகளை ஓடவிட்டுப் பார்த்தால், பிராசசர் 100 விழுக்காட்டைத் தொட்டு நிற்க, கார்டு 60 விழுக்காட்டில் காத்துக்கொண்டிருப்பது தெரியும். கோர்கள் நான்கு, அவை ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய திரெட்களும் நான்கே என்பதால் ஏற்படும் தடை இது. இதைவிட வேகமான கார்டைப் போட்டாலும் தீராது. இரண்டாவது 8 ஜிபி ரேமைச் சேர்த்து இரண்டு ரேம்களும் சேர்ந்து இயங்கும் இரட்டைச் சேனலாக்கியபோது இடையிடையே வந்த திணறல் பெருமளவு குறைந்தது. கார்டுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் வைத்துக்கொள்வது இத்தகைய கணினிக்கு மிகவும் அவசியம் என்று கருதுகிறேன்.

வெப்பம் பற்றிக் கவலைப்பட எதுவும் நேரவில்லை. மே மாதப் பகலில், ஏசி இல்லாத அறையில், நீண்ட ஆட்டத்தின்போது கார்டு 75 டிகிரியை ஒட்டி நிற்கும். பெட்டியின் முன்பக்கத் துளைகளில் தூசி படிந்தால் சில டிகிரி கூடுகிறது, பிளோவர் கொண்டு ஊதிவிட்டால் இறங்கிவிடுகிறது. மானிட்டர் விஷயத்தில்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்: இக்கார்டில் பழைய அனலாக் வகையான விஜிஏ வெளியீடு இல்லை, டிவிஐ துளை இருந்தாலும் அது டிஜிட்டல் மட்டுமே. பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐயிலிருந்து சிக்னலை மாற்றித் தரும் கன்வர்ட்டருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

பழைய கார்டாக வாங்குபவர்கள் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ பெயரில் உலவும் போலிகளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற மிகப் பழைய கார்டுகளுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றி, விண்டோஸில் புதிய பெயர் தெரியும்படி செய்து விற்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை விற்பவர் முன்னிலையிலேயே ஓடவிட்டால், போலி கார்டின் பெயருக்கு முன் எச்சரிக்கைச் சொல் காட்டும். அசல் 1050 டிஐ நல்ல கார்டுதான். ஆனால் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, ஜிடி 1030, 1050 டிஐ ஆகிய மூன்றுக்கும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் வழக்கமான நிவிடியா வெளியீடு 2025 அக்டோபரோடு முடிந்து, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே 2028 அக்டோபர் வரை வரும். 1650க்கு அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை என்பதால், விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் இதையே எடுக்கச் சொல்வேன். 2024இல் வந்த, 70 வாட்டில் இயங்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டும் 6 பின் இணைப்பில்லாமல் இதே கணினியில் ஓடும், ஏவி1 வீடியோவையும் கையாளும். ஆனால் பிராசசரின் தடை அப்படியே இருக்கும். அடுத்து கணினியையே மாற்றி, கார்டை அதற்குக் கொண்டுபோகும் எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும் அந்தக் கூடுதல் விலை தகும்.