பாடப் புத்தகத்தில் வலப்பக்கம், இங்கே இடப்பக்கம்

தர்மபுரியில் நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் வகுப்பு எடுக்கிறேன். பாக்டீரியா பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் மரபணுக் கூட்டமான லாக் ஓபரான் என்றால், ஐ, இசட், ஒய், ஏ என்று மரபணுக்களை மடமடவென ஒப்பிப்பார்கள். அது பாக்டீரியாவுக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சத்தமே வராது. அதனால் இந்த முறை என்.சி.பி.ஐ. என்ற மரபணுத் தரவுத் தளத்தில், டி.என்.ஏ.வைப் படமாகக் காட்டும் சீக்வென்ஸ் வியூவரைத் திறந்துவிட்டேன். காசு கிடையாது, பதிவும் கேட்காது.

நியூக்ளியோடைடு தேடலில் என்.சி._000913.3 என்று போட்டு, கிராபிக்ஸ் என்பதை அழுத்தினால் ஈ.கோலை பாக்டீரியாவின் கே-12 எம்ஜி1655 வகையின் முழு டி.என்.ஏ.வும் வந்து நிற்கும். மொத்தம் 46,41,652 எழுத்து. உண்மையில் அது வளையம். திரையில் ஓரிடத்தில் அறுத்து நீட்டிப் போட்ட கயிறு மாதிரி தெரியும்.

லாக்-இசட் என்று தேடினோம். "மேடம், அம்பு திரும்பியிருக்கு" என்றாள் பென்னாகரத்திலிருந்து வரும் மாணவி. ஆமாம், புத்தகத்தில் வலப்பக்கம் போகும் அம்பு இங்கே இடப்பக்கம் பார்க்கிறது. வரிசையும் ஏ, ஒய், இசட், ஐ என்று தலைகீழ். எழுத்து தெரியும் வரை பெரிதாக்கி 3,65,529-ஆம் இடத்துக்குப் போனோம். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் மேல் இழையில் சி, ஏ, டி. கீழ் இழையை வலமிருந்து படித்தால் ஏ, டி, ஜி, அதாவது புரதத்தின் தொடக்கக் குறி! அவள் விரலை வைத்து மூன்று முறை படித்தாள். அப்புறம் ஃபிளிப் ஸ்ட்ராண்ட்ஸ் பொத்தானை அழுத்தியதும் புத்தகப் படம் அப்படியே வந்துவிட்டது. எதிர் இழையைப் பற்றி நான் எத்தனையோ வருஷம் கரும்பலகையில் வரைந்தது, அன்று பத்து நிமிஷத்தில் விளங்கியது.

லாக்-இசட் மரபணுவின் நீளம் 3,075 எழுத்து. மூன்றால் வகுத்து, நிறுத்தக் குறியைக் கழித்தால், அது உருவாக்கும் நொதியில் 1,024 அமினோ அமிலம். இந்த நொதிதான் குடிநீர்ப் பரிசோதனையில் எக்ஸ்-கால் என்ற வேதிப்பொருள் கலந்த தட்டில் கோலிஃபார்ம் பாக்டீரியாத் திட்டுகளை நீலமாக்குவது. அந்த நீலத்தை ஆய்வகத்தில் பார்த்த பிள்ளைகளுக்கு இது வெறும் எழுத்து வரிசை இல்லை.

கைப்பேசியில் திறக்க வேண்டாம், மடிக்கணினிதான் சரி. திரையில் அடுக்கடுக்காக வரும் தகவல் வரிசைகளில் (தடங்கள்) தேவையில்லாதவற்றை முதலிலேயே மூடிவிடுங்கள். எந்தப் புரதம் எந்த மரபணுவைக் கட்டுப்படுத்துகிறது என்று துருவ வேண்டுமானால் ஈ.கோலைக்கென்றே உள்ள ஈகோசைக் தரவுத் தளத்தின் பக்கம் போங்கள், அதற்கு அதுதான் மேல்.

அடுத்த வாரம் தயிர்ப் பாக்டீரியாவைப் பார்க்கப் போகிறோம். பிள்ளைகளே கேட்டது.