கிளிநொச்சியில் ஒரு சமூகப்பணிச் சான்றிதழ்ப் பயிற்சி: என் மதிப்பீடு

கிளிநொச்சியில் வார இறுதிகளில் நடைபெறும் சமூகப்பணி அடிப்படைச் சான்றிதழ்ப் பயிற்சியை அண்மையில் நிறைவுசெய்தேன். கிராம மட்டத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவன ஊழியர்களுக்கும் மாதர் சங்கப் பொறுப்பாளர்களுக்குமான இப்பயிற்சியில், இத்தொழில் உருவான வரலாற்றைக் கற்பித்த விதம் மிகச் சிறப்பானது.

1869இல் லண்டனில் தொடங்கிய தரும அமைப்புச் சங்கத்தின் தன்னார்வலர்கள் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று, உதவிக்குத் தகுதியானவர் யார் என்று தீர்மானித்தார்கள். 1889இல் சிகாகோவில் ஜேன் அடம்ஸும் எலன் ஸ்டாரும் நிறுவிய ஹல் ஹவுஸ் என்ற சமூக நிலையத்தில் இருந்தவர்களோ, குடியேறிய தொழிலாளரின் அயலிலேயே வாழ்ந்து, கூலியையும் வேலை நேரத்தையும் மாற்றாமல் வறுமை தீராது என்று வாதிட்டார்கள். சமூகப்பணிக்கெனக் கற்பிக்கத்தக்க தனி நுட்பம் இல்லை என்று 1915இல் அமெரிக்கக் கல்வியாளர் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் கூறியதையும், ஒருவருடைய நிலையை முறையாக ஆராயும் வழியை 1917இல் அமெரிக்கச் சமூகப்பணியாளர் மேரி ரிச்மண்ட் நூலாக வகுத்ததையும் தொடர்ந்து கேட்டபோது, நல்ல மனம் மட்டும் இத்தொழிலுக்குப் போதாது என்பது தெளிவாக விளங்கியது.

பயிற்சிக்குத் தரப்பட்ட கற்பனைக் கோவை ஒன்று, கணவர் காணாமற்போன, நுண்கடன் தவணை கட்ட முடியாத ஒரு தாயைப் பற்றியது. மரணச் சான்றிதழ் எடுத்து நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கும்படி வகுப்பில் பெரும்பாலோர் பரிந்துரைத்தார்கள். "அந்த அம்மாவுக்கு அது விருப்பமோ?" என்று விரிவுரையாளர் கேட்டார். கணவர் இறந்ததாகப் பதியமாட்டேன் என்று அவர் சொன்னது கோவையின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனவர் எனச் சான்றிதழ் பெறும் வழி 2016இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டதை அதன்பின்னரே பேசினோம். உதவி பெறுபவரின் சொந்த முடிவை மதிக்க வேண்டும் என்ற கோட்பாட்டை, வன்னியில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாகக் கற்பிக்க முடியாது.

குறைகளும் உண்டு. 1952இல் கொழும்பில் சமூகப்பணிக் கல்வி தொடங்கியது பற்றி ஒரே ஒரு பந்திதான் இருக்கிறது. 2009இல் போரால் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம்களில், எந்தப் பயிற்சியும் இல்லாமல் பிள்ளைகளையும் முதியோரையும் பராமரித்த எங்கள் இளைஞர்களின் அனுபவம் பாடத்தில் எங்கும் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம். மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சியும் இல்லை. இத்தொழிற்கல்வியின் பாதி அதுதான்.

ஏற்கனவே களத்தில் நிற்பவர்கள் தயங்காமல் சேரலாம். புதிதாக வருபவர்கள், ஒரு கிராமத்தில் மூத்த உத்தியோகத்தர் ஒருவருடன் வேலை செய்ய ஒழுங்கு செய்துகொண்டு இதில் சேர்வதே நல்லது.