முழுத்தானிய பக்வீட் மாவில் வீட்டிலேயே கலெத்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் கலெத் என்று கேட்டால் இனிப்புப் பண்டம் வராது. பக்வீட் (பெயரில் கோதுமை இருந்தாலும் கோதுமை இனமல்லாத, முக்கோண மணி கொண்ட தானியம்) மா, தண்ணீர், கல்லுப்பு ஆகிய மூன்றையும் கரைத்து, நன்றாகக் காய்ந்த இரும்புத் தட்டில் மிக மெல்லியதாக வார்த்தெடுக்கும் உப்புப் பான்கேக்தான் வரும். கோதுமை மாவும் பாலும் சீனியும் சேரும் கிரெப் இதற்குத் தூரத்து உறவு மட்டுமே. பிரெத்தாஞ்சின் ரென் நகருக்குக் குடிவந்த காலத்திலிருந்து இதை எங்கள் வீட்டில் கிழமைக்கு ஒருமுறையாவது செய்துவருகிறோம். சூப்பர்மார்க்கெட்டில் பொதியாக விற்கும் கலெத்துகளையும், சனிக்கிழமைச் சந்தையில் கண்ணெதிரே வார்த்துத் தருவதையும் நெடுநாள் உண்ட பிறகு சொல்கிறேன்: பொதியில் வருவதை விட வீட்டில் செய்வது எல்லா வகையிலும் மேல்; சந்தையில் வார்ப்பதை அது எட்டுமா என்பது உங்கள் தட்டு தாங்கக்கூடிய சூட்டைப் பொறுத்தது.

முதலில் மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைகளில் இரண்டு விதமான மா கிடைக்கும். வெளிறிய மாவில் உமித்துகள் அநேகமாக இராது. அது மென்மையானது, ஆனால் சுவை குறைந்தது. முழுத்தானிய மா சாம்பல் நிறத்தில், இடையிடையே கறுப்புப் புள்ளிகளோடு, குரக்கன் மாவை வெளிறச் செய்தது போல இருக்கும். கல் இயந்திரத்தில் அரைத்த முழுத்தானிய மாவையே நான் வாங்குகிறேன். அந்த மண்வாசனையும் இலேசான கசப்பும் அதில்தான் உண்டு. பிரெத்தாஞ்சில் விளைந்து அங்கேயே அரைபட்ட மாவுக்கு 2010 முதல் புவிசார் குறியீடு உள்ளது. பொதியில் அந்த முத்திரை இல்லையென்றால் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்திருக்க வாய்ப்புண்டு. சுவையில் பெரிய வேறுபாடு இருப்பதாக நான் வாதாட மாட்டேன். எந்த ஊர் மா என்பதை விட எப்போது அரைத்த மா என்பதே முக்கியம். முளையில் உள்ள எண்ணெயும் சேர்ந்தே அரைபடுவதால் முழுத்தானிய மா விரைவில் சிக்குப் பிடித்துவிடும். ஆகையால் ஒரு கிலோவுக்கு மேல் வாங்காமல், திறந்த பொதியைக் கண்ணாடிப் போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே எங்கள் வழக்கம். மூடியைத் திறக்கும்போது பழைய எண்ணெய் வாடை வந்தால் அந்த மாவை எந்தச் சம்பலாலும் காப்பாற்ற முடியாது.

கரைக்கும் அளவு எளிது. 500 கிராம் மாவுக்கு 10 கிராம் கல்லுப்பும் ஏறத்தாழ ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீரும் போதும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், முதலில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக ஊற்றிக் கெட்டியான கூழாகப் பிசைந்து, பிறகு மிகுதியைச் சேர்த்தால் கட்டி விழாது. கோதுமை மாவை அதிகம் அடித்தால் அதிலுள்ள குளூட்டன் என்ற ஒட்டும் புரதம் இறுகி வார்ப்பது இழுவையாகிவிடும் என்ற அச்சம் உண்டல்லவா? பக்வீட்டில் குளூட்டனே இல்லாததால் அந்த அச்சம் தேவையில்லை. இங்குள்ள மூத்தவர்கள் கையாலேயே சில நிமிடங்கள் ஓங்கி அடித்து, மேற்பரப்பில் குமிழி கண்ட பின்தான் நிறுத்துவார்கள். அதன் பின் கரைசலின் மேல் ஒரு மெல்லிய படையாகத் தண்ணீர் விட்டு மூடி, இரவு முழுவதும் குளிரில் வைக்க வேண்டும். மேலே நிற்கும் தண்ணீர், கரைசல் காய்ந்து ஏடு கட்டாமல் பார்த்துக்கொள்ளும்.

இந்த ஊறல்தான் என் பார்வையில் முழு விடயத்தின் உயிர்நிலை. முழுத்தானிய மாவில் உள்ள தவிடும் உமித்துகளும் தண்ணீரை மெதுவாகவே உறிஞ்சும். பக்வீட்டுக்கே உரிய வழுவழுப்பும் நேரம் சென்ற பின்தான் வெளிப்படும். குளூட்டன் இல்லாத ஒரு மாவைக் கிழியாமல் பிடித்து வைப்பதில் அந்த வழுவழுப்புக்குப் பெரும் பங்குண்டு. கரைத்த உடனே வார்த்தால் நடுவில் மணலாகக் கடிபடும். திருப்பும்போது இரண்டாகவும் போகும். மறுநாள் கரைசல் தடித்திருக்கும் என்பதால், ஒரு கோப்பை வரை தண்ணீர் விட்டு, அகப்பையில் எடுத்து ஊற்றினால் கொழுத்த பாலாடை போல ஓடும் பதத்துக்கு இளக்கிக்கொள்ள வேண்டும். முட்டை சேர்ப்பது அவரவர் விருப்பம். நான் ஒரு முட்டை சேர்க்கிறேன். அது நிறத்தையும் சிறிது உறுதியையும் தருகிறது. ரென் பக்கத்துப் பழைய முறையில் தண்ணீரும் உப்பும் மட்டும்தான். மேற்கே போகப் போக முட்டை, பால், ஒரு பிடி கோதுமை மா என்று சேர்க்கைகள் பெருகும்.

அடுத்தது தட்டு. கிரெப் கடைகளில் பிலிக் எனப்படும் விளிம்பில்லாத வட்ட வார்ப்பிரும்புத் தட்டை 220 பாகை செல்சியஸ் அல்லது அதற்கும் மேல் காய்ச்சுகிறார்கள். வீட்டுக்கென்று விற்கும் மலிவான மின்தட்டு ஒன்றை நாங்கள் சில காலம் பயன்படுத்தினோம். முதல் கலெத் நன்றாக வரும். இரண்டாவது ஊற்றும்போது சூடு இறங்கிவிடும். மூன்றாவது வெளிறி, வேகாமல் அவிந்தது போல வரும். அதைக் கைவிட்டு, பாரிஸ் லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் வாங்கிய கனமான இரும்புத் தோசைக்கல்லுக்கு மாறியதிலிருந்து பிரச்சினை தீர்ந்தது. கனமான இரும்பு சூட்டைத் தன்னுள் பிடித்து வைக்கும். குளிர்ந்த கரைசல் விழுந்தாலும் அசராது. இண்டக்சன் அடுப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் பொறுமையாக, குறைந்த தணலில் தொடங்கிக் கல்லைக் காய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் நடு கருகும், ஓரம் பச்சையாக நிற்கும். ஒட்டாமல் இருப்பதற்கு இங்கே பன்றிக் கொழுப்பில் முட்டை மஞ்சட்கரு கலந்து தடவுவார்கள். எங்கள் வீட்டில் எண்ணெயில் தோய்த்த பாதி வெங்காயம் அந்த வேலையைச் செய்கிறது. குறை ஒன்றும் இல்லை.

தோசை வார்த்துப் பழகிய கை இங்கே ஓரளவுக்கே உதவும். அகப்பையின் அடியால் வட்டம் சுழற்றினால், கல்லைத் தொட்ட மாத்திரத்தில் இறுகிவிடும் இந்தக் கரைசல் அகப்பையோடு சேர்ந்து இழுபட்டுக் கிழியும். ரோசெல் எனப்படும், சிறு குறுக்குக் கட்டை பொருத்திய மரக்கோலைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல், மணிக்கட்டை மட்டும் திருப்பி இழுக்க வேண்டும். கல் சரியாகக் காய்ந்திருந்தால் கரைசல் விழும்போதே சீறும்; பரவிய இடமெல்லாம் ஊசித்துளைகள் திறக்கும்; ஓரம் சரிகை போலப் பிரிந்து எழும். மேற்பரப்பின் ஈர மினுக்கம் மங்கி, ஓரம் தானாகக் கல்லை விட்ட பிறகே தகட்டுக் கரண்டியை உள்ளே விட வேண்டும். மறுபக்கத்துக்கு அரை நிமிடம் போதும்.

மா இல்லாமல் பச்சைப் பக்வீட் மணிகளை ஊறவைத்து அரைக்கும் முறையையும் நெடுநாளாகச் செய்து பார்த்திருக்கிறேன். உமி நீக்கிய, வறுக்காத, இளம்பச்சை கலந்த முக்கோண மணிகளையே எடுக்க வேண்டும். ரஷ்ய, போலந்துக் கடைகளில் கிடைக்கும் பழுப்பு மணிகள் வறுபட்டவை. அவை கஞ்சிக்கு அருமை, கரைசலுக்கு உதவாது. ஆறு மணித்தியாலம் ஊறிய மணிகளை அரைத்தால் கிடைப்பது தடித்த, வழுக்கும் கரைசல். வெளியே வைத்தால் ஓர் இரவில் புளித்து இலேசாகப் பொங்கும். இதில் வார்ப்பவை ஊத்தப்பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். கிழியாது, வயிற்றுக்கும் இதமாக இருக்கும், ஆனால் கலெத்தின் மொறுமொறுப்பும் கருவாசனையும் வராது. காலைச் சாப்பாட்டுக்கு இது, இரவுக்கு அது என்று எங்கள் வீட்டில் பிரிந்துவிட்டது.

உண்ணும் முறையில் நான் பழமைவாதி. உப்பு சேர்த்த வெண்ணெய் ஒரு துண்டு, உடைத்து ஊற்றிய ஒரு முட்டை, துருவிய எமெந்தால் சீஸ், பன்றித் தொடைக்கறி. நான்கு ஓரத்தையும் மடித்தால் அதுவே கொம்ப்ளெத். பக்கத்தில் ஒரு கிண்ணம் லே ரிபோ, அதாவது இவ்வூர் மோர், இருந்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். தேங்காய்ச் சம்பலும் நன்றாகப் பொருந்துகிறது என்பதை இங்குள்ள நண்பர்களே ஒப்புக்கொண்டார்கள். சாம்பார் மட்டும் வேண்டாம். மெல்லிய கலெத் நொடியில் ஊறிக் குழைந்துவிடும்.

சத்தைப் பற்றி மிகையாகச் சொல்ல விரும்பவில்லை. 100 கிராம் பக்வீட்டில் ஏறத்தாழ 13 கிராம் புரதமும் 10 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. கூடவே 70 கிராம் அளவுக்கு மாச்சத்தும் உண்டு என்பதைச் சர்க்கரை நோயாளிகள் மறக்கக் கூடாது. குளூட்டன் ஆகாதவர்கள் பொதியில் அதற்கான உறுதிமொழி இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். கோதுமை அரைக்கும் அதே ஆலையில் இதுவும் அரைபடலாம், சில கிரெப் கடைகள் கோதுமை மாவைக் கலப்பதும் உண்டு. பக்வீட்டே ஒவ்வாதவர்களும் இருக்கிறார்கள். பக்வீட் மாவில் செய்யும் சோபா நூடில்ஸை அன்றாடம் உண்ணும் ஜப்பானில், உணவுப் பொதியில் பக்வீட் இருப்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பதே சட்டம். முதன்முறை உண்பவர் சிறிதளவு உண்டு பார்ப்பது நல்லது.

500 கிராம் மாவில் வார்த்தவை எங்கள் நால்வருக்கு ஒருவேளைக்குப் போக மிஞ்சும். மிஞ்சியவற்றை ஆறவிடாமல் அடுக்கித் துணியால் மூடினால் ஓரங்கள் இளகி, மடிக்கும்போது உடையாது. குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் நிற்கும். இடையிடையே எண்ணெய்த்தாள் வைத்து உறையவைத்தால் வாரக்கணக்கிலும் வைக்கலாம். மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பராகிவிடும் என்பதால், கல்லில் வெண்ணெய் விட்டே மீண்டும் சூடாக்க வேண்டும். கிழிந்தவற்றை நாடாவாக வெட்டி வெண்ணெயில் முறுகப் பொரித்தால், பிள்ளைகள் முழுக் கலெத்தை விட அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.