கடலோர ஊரில் கூரை திறக்கும் கார்: இசட்4, எஸ்எல்கே, பாக்ஸ்டர் – எதை வாங்கலாம்?

பழைய சொகுசு கன்வர்டிபிள் வாங்க நினைக்கும் நம் ஊர்க்காரர்கள் முதலில் குதிரைத்திறனை விசாரிக்கிறார்கள், பிறகு விலையை. கூரையைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. புதுச்சேரி, கடலூர் கரையில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. புயல் வராத ஆண்டிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை உண்டு. மீதி மாதங்களில் உப்புக் காற்றும் வெயிலும். ஜெர்மனியில் யோசித்துச் செய்யப்பட்ட கார் இதையெல்லாம் தாங்க வேண்டும்.

என் கணக்கில் நின்று யோசிக்கத் தகுந்தவை மூன்று. 2009 முதல் 2016 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4, 2011க்குப் பிறகு வந்த மெர்சிடிஸ் எஸ்எல்கே, 2012 முதல் 2016 வரை வந்த போர்ஷே பாக்ஸ்டர். முதல் இரண்டுக்கும் மடிந்து டிக்கிக்குள் போகும் உலோகக் கூரை. பாக்ஸ்டருக்குத் துணிக் கூரை.

‘நம் வெயிலுக்கும் மழைக்கும் உலோகம்தான் சரி’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. தெருவில் நிறுத்தும் காருக்கு உலோகம் நிம்மதி. மூடிவிட்டால் சாதாரண கார் மாதிரியே இருக்கும், உள்ளே சத்தமும் குறைவு. ஆனால் அந்தக் கூரையை மடக்குவதற்கு ஒரு ஹைட்ராலிக் பம்ப், பல சிலிண்டர்கள், ஒவ்வொரு மடிப்பையும் கண்காணிக்கும் சென்சார்கள், டிக்கி திறக்கும்போதெல்லாம் வளைந்து நிமிரும் ஒயர்கள் எல்லாம் வேண்டியிருக்கிறது. ஒரு சென்சார் தவறாகச் சொன்னாலே போதும், கூரை பாதியில் நின்றுவிடும். (பார்க்கப் போகும்போது விற்பவர் ‘கூரை வேலை செய்யவில்லை’ என்றால், டிக்கிக்குள் சாமானையும் மடிந்த கூரையையும் பிரிக்கும் தடுப்புத் திரை சரியாக இழுத்து மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இடத்தில் இல்லாவிட்டால் இரண்டு கார்களிலும் கூரை அசையவே அசையாது.)

துணிக் கூரையின் இயந்திரம் எளிமையானது, எடையும் குறைவு. பாக்ஸ்டரில் சுமார் 9 வினாடியில் மூடிவிடும். 50 கிலோமீட்டர் வேகம் வரை வண்டியை நிறுத்தக்கூட வேண்டாம். மரக்காணம் உப்பளப் பக்கம் திடீரென மழை பிடிக்கும்போது இதன் அருமை தெரியும். இசட்4க்கும் எஸ்எல்கேவுக்கும் 20 வினாடி அளவில் ஆகிறது. ஆனால் துணி கவனிப்பைக் கேட்கும். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஓயாத வெயிலில் வெளுக்கும். வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தக் குழாயை அதன் மேல் பாய்ச்ச விடவே கூடாது. மிதமான சோப்பு, மிருதுவான துணி, நிழல் ஆகிய மூன்றையும் தர முடிந்தவருக்கே துணிக் கூரை.

துணியானாலும் உலோகமானாலும் கூரையிலிருந்து வழியும் நீர் சிறிய குழாய்கள் வழியாகக் காருக்கு அடியில் இறங்கியாக வேண்டும். வேப்பிலைச் சருகும் காகிதப்பூ இதழும் நிறைந்த நம் தெருக்களில் அந்தக் குழாய்கள்தான் முதலில் அடைபடும். 2002 முதல் 2008 வரை வந்த முந்தைய இசட்4இல் துணிக் கூரையின் மோட்டார் இந்த வடிகால் பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. குழாய் அடைத்தால் மோட்டார் மூழ்கிவிடும். முதல் தலைமுறை பாக்ஸ்டரிலோ இருக்கைக்கு அடியில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. தண்ணீர் அங்கே தேங்கினால் வண்டி கிளம்பாது. இந்த இரண்டு பழைய ரகங்களும் நம் கரைக்கு ஆகாது, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

சோதிப்பது எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு போங்கள். கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, பக்கத்து வடிகால் ஓட்டையில் மெதுவாக ஊற்றுங்கள். சற்று நேரத்தில் பின் சக்கரத்துக்கு அருகே தரையில் நீர் விழ வேண்டும். ஊற்றியது அங்கேயே குளமாக நின்றால் பேச்சை நிறுத்திவிடலாம். பிறகு இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ புழுங்கிய வாடை அடித்தாலோ, வாசனைத் திரவியம் தெளித்து மறைத்த கார் என்று அர்த்தம்.

இஞ்சினுக்கு வருவோம். இசட்4இல் ‘35ஐ’ என்ற ரகமும் எஸ்எல்கேயில் ‘350’ என்ற ரகமும் தலா 306 குதிரைத்திறன் கொண்டவை. இசட்4இன் இரட்டை டர்போ ஆறு சிலிண்டர் இஞ்சின் ஓட்டும்போது தரும் சுகம் தனி. ஆனால் அதன் உயர் அழுத்த பெட்ரோல் பம்ப் பேர் கெட்டது. 2010இல் அமெரிக்காவில் அதற்காகவே கார்களைத் திரும்ப அழைத்தார்கள். மின்சார வாட்டர் பம்ப்பும் எச்சரிக்கை இல்லாமல் போகும், நம் சித்திரை வெயிலில் அது போனால் அங்கேயே நிறுத்த வேண்டியதுதான். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர் என்பதால் ஸ்டெப்னியும் கிடையாது. எஸ்எல்கே 350இல் டர்போ இல்லை, சிக்கலும் அந்த அளவுக்குக் குறைவு. தொடக்க கால இஞ்சின்களில் காலையில் முதல் முறை கிளப்பும்போது டைமிங் செயினிலிருந்து கடகடவென்று சத்தம் வரலாம். ஆகவே இஞ்சின் ஆறிய நிலையில்தான் பார்க்கப் போக வேண்டும். லிஃப்டில் ஏற்றி, பின் சப்ஃபிரேமில் (பின் சக்கர அமைப்பைத் தாங்கும் இரும்புச் சட்டம்) துரு ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பாக்ஸ்டர் ஓட்டுவதற்கு இவை இரண்டையும் விடச் சிறந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இஞ்சின் நடுவில் இருப்பதால் திருப்பங்களில் வண்டி கை சொன்னபடி கேட்கும். கூரை டிக்கியைத் தின்பதில்லை என்பதால் முன்னும் பின்னுமாக 280 லிட்டர் இடம் எப்போதும் இருக்கிறது. கூரையைத் திறந்தால் எஸ்எல்கேயில் 225, இசட்4இல் 180 லிட்டர்தான் மிஞ்சும். 2008 வரையிலான பாக்ஸ்டர்களைப் பயமுறுத்திய, இஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டு பேரிங்கின் தொல்லையும் 2012 காரில் இல்லை. ஆனால் எந்த மூடியைத் திறந்தாலும் இஞ்சினைப் பார்க்க முடியாது. ஆயிலும் கூலன்ட்டும் ஊற்றப் பின் டிக்கியில் வாய் மட்டும் உண்டு. நம் ஊர் மெக்கானிக் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் லிஃப்டும் அதற்குரிய ஸ்கேனரும் இல்லாமல் தொட முடியாது. அப்படியானால் 150 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குத்தான் போக வேண்டும். ரேடியேட்டர்கள் முன் பம்பரின் ஓரங்களில் இருக்கின்றன. சருகும் கடற்கரை மணலும் அங்கே சேர்ந்து, உப்பு ஈரத்தோடு ஊறி அவற்றை அரிக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

பெட்ரோலிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மூன்றுமே 10 சதவீத எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இன்று பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதக் கலப்பு. அது ஈரத்தை இழுக்கும் என்பதால் மழைக்காலம் முழுக்க அசையாமல் நிற்கும் காரில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

லாஸ்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ தெருவோரம் நிறுத்தி, வாரம் இரண்டு நாள் குடும்பத்தில் ஒருவரோடு ஓட்டப்போகிறவருக்கு எஸ்எல்கேயைத்தான் சொல்வேன். பூட்டக்கூடிய, மேடான ஷெட்டும், சென்னைக்கு அலையப் பொறுமையும் உள்ளவர் பாக்ஸ்டர் வாங்கட்டும். மார்கழி கழிந்த காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அது தரும் மகிழ்ச்சிக்கு ஈடு கிடையாது. இசட்4இன் நீண்ட மூக்கு அழகுக்கு நானும் மயங்குகிறேன், ஆனால் இதுவரை செய்த வேலைக்கெல்லாம் பில் காட்டாத ‘35ஐ’ ரகத்தைத் தொட மாட்டேன். எதுவானாலும் வாங்கும் விலையில் கால் பங்கை முதல் ஆண்டுச் செலவுக்கென்று தனியே வையுங்கள்.

காகிதங்களை விட்டுவிடக் கூடாது. சாலை வரி குறைவு என்பதால் பிற மாநிலத்தவர் பலர் சொகுசு கார்களைப் புதுச்சேரியில் பதிவு செய்தார்கள். போலி முகவரிப் பதிவுகள் மீது 2017இல் கேரளத்தில் வழக்குகளே பாய்ந்தன. பிஒய் 01 எண்ணைப் பார்த்தவுடன் உள்ளூர் கார் என்று நம்பிவிடாமல், ஆர்.சி.யில் உள்ள முகவரியில் அவர் உண்மையாகவே வாழ்ந்தாரா என்று விசாரியுங்கள். எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிக் கடலூருக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்பவர் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு வரியையும் கட்ட வேண்டும். பேரம் பேசும்போதே அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள். 2009, 2010 கார்களுக்கு 15 ஆண்டுப் பதிவுக் காலமும் முடிந்துவிட்டது. தகுதிச் சோதனை முடித்துப் பதிவைப் புதுப்பித்துத் தருவது விற்பவர் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.