ஆர்லாண்டோ டிஸ்னியில் டி.ஏ.எஸ். சேவை எப்படி இருக்கிறது?

ஆட்டிசம் உள்ள பிள்ளையை ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போகத் திட்டமிடும் பெற்றோர், ஹோட்டல் பார்ப்பதற்கு முன்பே டி.ஏ.எஸ். பற்றி விசாரித்துவிடுவது நல்லது. டிஸேபிலிட்டி ஆக்ஸஸ் சர்வீஸ் என்பதன் சுருக்கம் இது. தனிக் கட்டணம் இல்லை. ஆனால் பலர் நினைப்பதுபோல இது வரிசையைத் தாண்டி உடனே ஏற்றிவிடும் பாஸ் அல்ல. ஒரு ரைடின் வாசலில் காத்திருப்பு 80 நிமிடம் என்று போட்டிருந்தால், டிஸ்னியின் ஆப்பில் பதிந்ததும் அதில் 10 நிமிடம் குறைத்து, 70 நிமிடம் கழித்து வரச் சொல்லி ஒரு நேரம் கொடுப்பார்கள். அந்த 70 நிமிடத்தை நிழலிலோ சாப்பாட்டுக் கடையிலோ கழித்துவிட்டு, நேரம் வந்ததும் லைட்னிங் லேன் என்ற தனி விரைவு வரிசை வழியாக உள்ளே போகலாம். ஒரு சமயத்தில் ஒரு ரைடுக்குத்தான் பதிய முடியும். அதை முடித்தோ ரத்து செய்தோதான் அடுத்தது.

சேவையின் அடிப்படை சரியானது. நெரிசலில், இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்குச் சிக்கல். அதை மட்டும் நீக்குகிறார்கள். கொடுத்த நேரத்துக்கு முடிவு நேரம் கிடையாது என்பது இதன் மிகப் பெரிய பலம். பிள்ளை அழுது அடங்க ஒரு மணி நேரம் ஆனாலும், பூங்கா மூடும்வரை அந்த இடம் உங்களுடையதுதான். ரைடு பழுதாகி நின்றுபோனாலும் அப்படியே. காசு கொடுத்து வாங்கும் லைட்னிங் லேன் மல்டி பாஸில் இந்த நிம்மதி இல்லை. அதில் ஒரு மணி நேரச் சாளரம்தான்.

இவ்வளவு கறாராக ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 2013 வரை கெஸ்ட் அசிஸ்டன்ஸ் கார்டு என்ற அட்டை இருந்தது. அதைக் காட்டினால் பெரும்பாலான ரைடுகளில் காத்திருக்காமலே ஏறிவிடலாம். வசதி படைத்த குடும்பங்கள் மாற்றுத்திறனாளிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு வரிசையைத் தாண்டுவதாக அந்த ஆண்டு நியூயார்க் போஸ்ட் பத்திரிகையில் செய்தி வந்தது. 2013 அக்டோபர் 9 முதல் அட்டை போய் டி.ஏ.எஸ். வந்தது. 2024 மே 20 அன்று ஃப்ளோரிடாவில் விதியை இன்னும் இறுக்கினார்கள். ஆட்டிசம் அல்லது அதுபோன்ற வளர்ச்சிசார் குறைபாட்டால் நீண்ட நேரம் வழக்கமான வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று ஆனது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் அதே மாற்றம் ஜூன் 18 முதல்.

பதிவு வீடியோ கால் மூலம். பயணத்துக்கு முன்பே வீட்டிலிருந்து முடித்துவிடுங்கள். எத்தனை நாள் முன்பிலிருந்து பதியலாம் என்ற விதியை அவ்வப்போது மாற்றுகிறார்கள், டிக்கெட் வாங்கும் அன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். சலுகை யாருக்கோ அவர் கேமரா முன் இருந்தே ஆக வேண்டும், படம் எடுப்பார்கள். இந்தியாவிலிருந்து அழைப்பவர்கள் நேர வித்தியாசத்தைக் கவனியுங்கள்: ஃப்ளோரிடா கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. இங்கே மாலை என்றால் அங்கே காலை. பிள்ளை விழித்து, சாப்பிட்டு, அமைதியாக இருக்கும் நேரமாகப் பார்த்து அழையுங்கள்.

டாக்டர் கடிதம் கேட்பதில்லை. கேள்விகள்தான். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நோயின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். டிஸ்னி ஊழியர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வரிசையில் என்ன நடக்கும் என்பதை. முன்னாலும் பின்னாலும் ஆட்கள் உரசினால் பிள்ளை என்ன செய்வான், எத்தனை நிமிடத்தில் தொடங்கும், சத்தமா வெளிச்சமா நெருக்கமா எது தூண்டுகிறது, தொடங்கினால் அடங்க எவ்வளவு நேரம் ஆகும், ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்ததில் பலன் உண்டா. நான்கைந்து வரியில் முன்கூட்டியே ஆங்கிலத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் இன்ஸ்பயர் ஹெல்த் அலையன்ஸ் என்ற நிறுவனத்தின் மருத்துவத் துறை ஆட்களையும் அழைப்பில் சேர்ப்பார்கள். மிகைப்படுத்த வேண்டாம். பொய் சொன்னது தெரிந்தால் நிரந்தரத் தடை, டிக்கெட் பணமும் திரும்பாது. அனுமதி கிடைத்தால், அதைப் பெற்றவரோடு சேர்த்து மொத்தம் நான்கு பேர் போகலாம். உடன்பிறந்தவர்கள் அதிகம் இருந்தால் அழைப்பிலேயே சொல்லுங்கள், நெருங்கிய குடும்பம் என்றால் கூடுதலாகச் சேர்ப்பார்கள்.

இந்தச் சேவையில் ஏற்க முடியாத இடம் ஒன்று உண்டு. குடல் அழற்சி, வலிப்பு, கடுமையான பதற்றநோய் போன்றவற்றால் வரிசையில் நிற்க முடியாதவர்கள் முன்பு டி.ஏ.எஸ். பெற்றார்கள். இப்போது பெரும்பாலும் அவர்களுக்குச் சொல்லப்படுவது மறுநுழைவு வழி: குடும்பம் வரிசையில் நிற்கும், இவர் வெளியே இருந்துவிட்டு ஏறும் சமயத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம். மூன்று பெரியவர்கள் சேர்ந்து போனால் இது சரிப்படும். ஆறு வயதுப் பிள்ளையோடு தனியாக வந்த தாய்க்கு அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தால் யார் வரிசையில் நிற்பது? தனியாக வருகிறவர் இடத்தை யாரிடம் ஒப்படைப்பார்? நோயின் பெயரை வைத்துக் கோடு போட்டதால் வந்த ஓட்டை இது. தேவையை வைத்துப் போட்டிருந்தால் வந்திருக்காது.

இனி பூங்காவுக்குள். லைட்னிங் லேன் வாசலில் ஸ்கேனர் தூண் நிற்கும். டி.ஏ.எஸ். யார் பெயரில் உள்ளதோ அவர்தான் முதலில் தன் டிக்கெட் அட்டையையோ கைப்பட்டையையோ அதில் தட்ட வேண்டும். தட்டியதும் நீல விளக்கு எரியும், ஊழியர் கையிலுள்ள டேப்லெட்டில் படத்தை ஒப்பிட்டுவிட்டு விடுவார். நீல விளக்கைக் கண்டு பதற வேண்டாம், பிள்ளைக்கும் முன்பே சொல்லிவையுங்கள். உள்ளே சற்றுத் தள்ளி, இரண்டு வரிசைகளும் சேரும் இடத்தில் சில ரைடுகளில் இன்னொரு தூண் இருக்கும், அங்கேயும் தட்ட வேண்டும்.

அதோடு காத்திருப்பு முடிந்துவிடாது. நெரிசல் நாளில் லைட்னிங் லேனிலேயே இருபது நிமிடம் நிற்க நேரலாம். ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் என்ற ஸ்டார் வார்ஸ் ரைடில் வரிசைகள் சேர்ந்த பிறகும் ஓர் அறையில் நின்று காட்சி பார்க்க வேண்டும், பிறகு ஆட்டம் கொடுக்கும் விண்கப்பல் போன்ற அறைக்குள் கூட்டமாக நிற்க வேண்டும், அதன்பிறகு இன்னொரு அறையில் அடைப்பார்கள். டி.ஏ.எஸ். இவற்றில் எதையும் குறைக்காது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான டிஸ்னியின் வழிகாட்டியில் எந்த ரைடில் இருட்டு, பலத்த சத்தம், திடீர் ஒளி உண்டு என்று குறித்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் போகாதீர்கள்.

இரவில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பூங்கா மூடும் நேரம் நெருங்கும்போது வாசலில் போடும் காத்திருப்பு நேரம் உண்மையைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். டி.ஏ.எஸ். அந்தப் பலகை நேரத்தை வைத்தே கணக்கிடுவதால், 45 போட்டிருக்கும் ரைடில் வழக்கமான வரிசை அதற்கு முன்பே நகர்ந்து முடிந்துவிடலாம். வாசலில் நிற்கும் ஊழியரிடம் வரிசை எதுவரை நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

சக்கர நாற்காலி மட்டும் தேவைப்படுகிறவர்களுக்கு டி.ஏ.எஸ். கிடைக்காது. ஃப்ளோரிடாவில் பெரும்பாலான வரிசைகள் நாற்காலி போகும் அகலத்தில் உள்ளன. கலிஃபோர்னியா பூங்கா 1955-ல் கட்டியது, பல வரிசைகள் குறுகல், அங்கே ரைடு வாசலிலேயே திரும்பி வரும் நேரம் கொடுப்பார்கள். முக்கியமான கேள்வி நாற்காலியிலிருந்து மாறி உட்கார முடியுமா என்பது. கிலிமஞ்சாரோ சஃபாரி, டாய் ஸ்டோரி மேனியா, இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் ஆகியவற்றில் நாற்காலியோடே ஏறலாம். செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினில் மாறி உட்கார வேண்டும். ஃப்ளைட் ஆஃப் பேஸேஜில் பைக் போன்ற இருக்கை, முதுகையும் கெண்டைக்காலையும் பின்னாலிருந்து பூட்டும். மாதிரி இருக்கை வெளியே இருக்கிறது, முதலில் அதில் உட்கார்ந்து பாருங்கள். மின்ஸ்கூட்டரை வெளியில் வாடகைக்கு எடுத்தால் அகலம் 36 அங்குலத்தையும் நீளம் 52 அங்குலத்தையும் தாண்டக் கூடாது. பூங்காவின் வாடகை வண்டிகளுக்கு முன்பதிவு இல்லை, முதலில் வருபவருக்கே. பெரிய பிள்ளையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளுகிறவர்கள் கெஸ்ட் ரிலேஷன்ஸ் என்ற விருந்தினர் உதவி மையத்தில் சிவப்பு டேக் வாங்கினால், அது சக்கர நாற்காலியாகவே கருதப்பட்டு வரிசைக்குள் அனுமதிக்கப்படும்.

அதே ஊரிலுள்ள இன்னொரு நிறுவனத்தின் பூங்காவான யுனிவர்சலுக்கும் போவதாக இருந்தால் நடைமுறை வேறு. அங்கே ஐ.பி.சி.சி.ஈ.எஸ். என்ற சான்றளிப்பு அமைப்பின் அணுகல் அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், வருகைக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக. ஆவணம் கேட்பார்கள். லெட்டர்ஹெட்டில் ஆங்கிலக் கடிதம் ஒன்றை ஊரிலேயே டாக்டரிடம் வாங்கிவிடுங்கள். வரிசையில் நிற்க முடியாததற்கான காரணம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். காத்திருப்பு 30 நிமிடத்துக்குக் குறைவென்றால் நேரே எக்ஸ்பிரஸ் வரிசையில் விட்டுவிடுவார்கள், அதிகமென்றால் திரும்பி வரும் நேரம். சிறிய ரைடுகள் அதிகம் விரும்பும் பிள்ளைக்கு இது டிஸ்னியைவிட வசதி. ஆனால் யுனிவர்சலின் பல ரைடுகளில் ஒரு கையாலாவது இறுகப் பிடித்துக்கொள்ள முடிய வேண்டும் என்ற விதி உண்டு, செயற்கைக் கை அதில் கணக்கில் வராது. எந்தெந்த ரைடு என்ற பட்டியல் அவர்களின் பாதுகாப்புக் கையேட்டில் இருக்கிறது, டிக்கெட் வாங்கும் முன் பாருங்கள்.