மினியாபொலிஸில் ஆறு குளிர்காலம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் இந்த ஊரின் குளிரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் நாட்கள் உண்டு. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் ஈரம் உறைந்து குத்தும். அப்படி ஒரு காலையில் என் கார் பேட்டரி செத்துக் கிடந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் நான் கேட்காமலே ஜம்பர் கேபிளோடு வந்து நின்றார். இங்கே மனிதர்கள் அப்படித்தான்.

பனி அதிகம் கொட்டினால் மூன்று நாள் பார்க்கிங் விதி வரும். ஒரு நாள் தெருவின் இந்தப் பக்கம் வண்டி நிறுத்தக் கூடாது, மறுநாள் அந்தப் பக்கம். மறந்தால் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள்.

டவுன்டவுனில் வேலை என்றால் பரவாயில்லை. கட்டடங்களை மாடியிலேயே இணைக்கும் ஸ்கைவே பாலங்கள் சுமார் 15 கிலோமீட்டருக்கு நீள்கின்றன. கோட்டு இல்லாமலே மதியச் சாப்பாட்டுக்குப் போய் வரலாம். விமான நிலையத்துக்கு நேராக ரயில் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் கார் வேண்டும், மேப்பிள் குரோவ் புறநகரில் இருக்கும் இந்துக் கோயிலுக்குப் போவதற்கும்தான்.

துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது. அப்புறம் ஜூன் மாதம்! இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். ஹேரியட் ஏரியை ஒரு சுற்று நடந்தால் ஏறக்குறைய மூன்று மைல். நாங்கள் தினமும் நடக்கிறோம்.