காடிலாக் டிடிஎஸ்: கார் தேவலை, பேர்தான் தொல்லை

பானெட்டைக்கூடத் திறந்து பார்க்காமல் என் வண்டிக்குச் சாவு நாள் குறித்துக் கொடுத்தார் ஒரு பட்டறைக்காரர். நான் சொன்னது இவ்வளவுதான்: கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, தரையில் சொட்டு எதுவும் தெரியவில்லை. "என்ன வண்டி?" என்றார். காடிலாக் டிடிஎஸ் என்றேன். "நார்த்ஸ்டார் எஞ்சினா?" ஆமாம். "அப்படியானால் ஹெட் கேஸ்கெட்தான். அதைச் சரிசெய்கிற காசுக்கு வேறு நல்ல காரே வாங்கிவிடலாம்." (எஞ்சினின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே அடைத்திருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) பேச்சு முடிந்தது. சோதனை இல்லை, ஒன்றும் இல்லை.

இது நடந்தது டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில். இந்த அமெரிக்க ஆடம்பரக் கார் பிறந்த ஊரிலேயே அதற்கு இந்த மரியாதை.

மனம் கேட்காமல் இன்னொரு பட்டறைக்குப் போனேன். வயதான மெக்கானிக், அளந்துதான் பேசுவார். எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, கூலண்ட் டப்பாவின் மூடியைக் கழற்றி, அதன் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். குழாய்க்குள் நீல நிறத் திரவம், மேலே ஒரு ரப்பர் பந்து. எஞ்சினை ஓடவிட்டு அந்தப் பந்தை அமுக்கி அமுக்கி விட்டார். டப்பாவுக்குள் இருந்த காற்று நீலத்தின் வழியாகக் குமிழ்விட்டு ஏறியது. கேஸ்கெட் போயிருந்தால் சிலிண்டரில் எரிந்த புகை கூலண்டில் கலந்திருக்கும். அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் நீலம் மஞ்சளாகிவிடும். இரண்டு பேரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீலம் நீலமாகவே இருந்தது. அப்புறம் டார்ச்சை எடுத்துக் குனிந்து, ஒரு ஹோஸ் மாட்டியிருக்கும் இடத்தில் ஆரஞ்சு நிறப் பொருக்கு படிந்திருந்ததைக் காட்டினார். முன்பு வேறொரு கடையில் கூலண்ட் மாற்றியபோது பழைய கிளாம்பையே திரும்ப மாட்டி, அதையும் ஒழுங்காக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். கசிந்த கூலண்ட் சூட்டில் அங்கேயே ஆவியாகியிருக்கிறது. தரைக்கு எங்கே வரும்? புது கிளாம்ப் போட்டார். ஆன செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்குக்கூட வராது.

இந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், அதைக் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

முதல் பட்டறைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நார்த்ஸ்டார் 1993 மாடலில் வந்தது. 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர், முப்பத்திரண்டு வால்வு, பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். ஜெர்மன், ஜப்பான் கார்களிடம் இழந்த மானத்தை மீட்க வந்த எஞ்சின். கூலண்ட் மொத்தமும் வழிந்துபோனால்கூட, சிலிண்டர்களுக்கு மாற்றி மாற்றி எரிபொருளை நிறுத்தி, வெறும் காற்றை இழுத்தே அவற்றை ஆறவைத்து, மெதுவாக வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று பெருமையாகச் சொன்னார்கள். அது உண்மையும்கூட. ஆனால் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் நேராக அலுமினியத்தில் போட்ட மரையில் இறங்கின. வருடக்கணக்கில் சூடாகி ஆறிச் சூடாகி, மரை போல்ட்டோடு பிய்த்துக்கொண்டு வந்தது. ஹெட் லேசாகத் தூக்கும், கேஸ்கெட் போகும். சரிசெய்வதென்றால் பெரும்பாலும் எஞ்சினையே கீழே இறக்கி, துளைகளைப் பெரிதாக்கி, இரும்பில் புது மரை செருக வேண்டும். பழைய காராக இருந்தால் வண்டியின் விலையை விடக் கூலி கூடிவிடும். 2000இல் போல்ட்டை நீளமாக்கினார்கள், சில வருடம் கழித்து மரையையும் பருமனாக்கினார்கள். 2006 மாடலாக வந்த டிடிஎஸ்ஸுக்குக் கிடைத்தது திருந்திய எஞ்சின். எஞ்சின் திருந்தியது பட்டறைகளுக்குப் போய்ச் சேரவே இல்லை.

இந்தக் காரில் என்னைத் தொடர்ந்து எரிச்சல்படுத்துவது ஒன்றே ஒன்றுதான். நான் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே காரின் பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. பட்டறையில் "நார்த்ஸ்டாரா?" பெட்ரோல் பங்கில் யாராவது ஒரு பெரியவர், "என் அப்பா இதுதான் வைத்திருந்தார்" என்று ஆரம்பித்து, குழாயை மாட்டிவைத்த பிறகும் விட மாட்டார். நம்மவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால், "என்னங்க, தாத்தா கார்ல வந்திருக்கீங்க?" கறுப்பு நிறம் வேறா, ஒரு நண்பரின் மகன் சவ ஊர்தி என்றே நினைத்துவிட்டான். பையனைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் சவ ஊர்தி என்றாலே பாதிப் பேருக்கு நினைவு வருவது காடிலாக்தான். இந்த டிடிஎஸ்ஸையே நீட்டிச் சவ ஊர்தியாகவும் லிமோசினாகவும் செய்தார்கள். 2005 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் இரண்டாம் முறை பதவியேற்றபோது ஊர்வலத்தில் போன கவச காரும், விற்பனைக்கு வருமுன்பே, டிடிஎஸ் முகம்தான். குடியரசுத் தலைவருக்கும் பிணத்துக்கும் பொருந்துகிற கார், நடுவில் நமக்கு மட்டும் பொருந்தவில்லை.

பெயரைப் பற்றித் தோண்டப் போனால் இன்னும் வேடிக்கை. 1701இல் டெட்ராய்ட்டை நிறுவிய பிரெஞ்சுக்காரர் அந்துவான் தெ லா மோத் காடிலாக். பிறந்தபோது அவர் பெயர் வெறும் அந்துவான் லோமே. அமெரிக்கக் கரைக்கு வந்ததும் பிரபு வம்சம் மாதிரி ஒரு பெயரையும் குலச் சின்னத்தையும் தானே சூட்டிக்கொண்டார். என் காரின் முகப்பில் இருக்கிற சின்னம் அந்தக் குலச் சின்னத்தின் வாரிசு. ஆரம்பமே ஜோடித்த கௌரவம்.

ஆனால் கம்பெனியின் முதல் பேர் ஜோடித்தது இல்லை, உழைத்துச் சம்பாதித்தது. 1902இல் ஹென்றி ஃபோர்டு தன் பெயரிலேயே இருந்த கம்பெனியோடு சண்டை போட்டு வெளியேறினார். மிச்சம் இருந்த இயந்திரங்களுக்கு விலை மதிப்பிட அழைக்கப்பட்ட ஹென்றி லேலண்ட், விற்காதீர்கள், என்னிடம் நல்ல எஞ்சின் இருக்கிறது, அதை வைத்துக் கார் செய்யலாம் என்றார். அதுதான் காடிலாக். துல்லியத்தில் வெறிபிடித்த மனிதர். 1908இல் இங்கிலாந்தில் மூன்று காடிலாக்குகளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, பாகங்களை ஒரே குவியலாகக் கலந்து, மறுபடி மூன்று கார்களாகப் பூட்டி, புரூக்லாண்ட்ஸ் ஓட்டப்பாதையில் 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு காரின் பாகத்தை ராவித் தேய்த்துத்தான் இன்னொன்றில் பொருத்த முடியும் என்றிருந்த காலம் அது. அதற்காக டியூவர் கோப்பை என்ற பரிசு கிடைத்தது. உலகத்துக்கே அளவுகோல் என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தது அப்படித்தான். போட்டுக்கொள்ளத் தகுதியும் இருந்தது. (இதே லேலண்ட் பிறகு மனத்தாங்கலில் வெளியேறி லிங்கன் கார் கம்பெனியையும் தொடங்கினார். அமெரிக்காவின் இரண்டு ஆடம்பரக் கார்களுக்கும் ஒரே அப்பா.)

1912 மாடலில் சார்லஸ் கெட்டரிங் செய்த மின் ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை எலும்பு முறியும். அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டிய கம்பெனி, நார்த்ஸ்டாரில் ஸ்டார்ட்டர் மோட்டாரை எங்கே வைத்தது தெரியுமா? எஞ்சினின் நடுவே, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். மாற்ற வேண்டும் என்றால் மேலே உள்ள அத்தனையையும் கழற்ற வேண்டும். மெக்கானிக் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், இன்னும் எனக்கு அந்தச் செலவு வரவில்லை என்பதால்.

பேரைக் காப்பாற்றும் கலையும் அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. புதிய எட்டு சிலிண்டர் கார் சில கோளாறுகளைக் காட்டி, போட்டிக்காரர்கள் கைகொட்டியபோது, 1915இல் ஒரு பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். அதில் காரைப் பற்றி ஒரு வரி இல்லை. முதலிடத்தில் இருப்பவனைத்தான் ஊர் கல்லால் அடிக்கும் என்ற தொனியில் ஒரு பிரசங்கம், அவ்வளவுதான். அது எடுபட்டது.

1930களின் பொருளாதார மந்தத்தில் கம்பெனி மூடும் நிலைக்கு வந்தது. கறுப்பினத்தவருக்குக் காடிலாக் விற்பதில்லை என்பது அன்றைய நடைமுறை. வசதியுள்ள கறுப்பினத்தவர்கள் ஒரு வெள்ளைக்காரருக்குக் காசு கொடுத்து, அவர் பெயரில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சர்வீஸ் பிரிவில் இருந்த நிக்கலஸ் டிரைஸ்டாட் இதைக் கவனித்து, நேரடியாக விற்கலாம் என்று மேலிடத்தில் வாதாடி வென்றார். கம்பெனி பிழைத்தது. அரிய பொருள் என்ற பேரைக் காக்க யாரை வாசலில் நிறுத்திவைத்தார்களோ, அவர்கள் வந்துதான் காப்பாற்றினார்கள்.

வால் சிறகு வைத்த 1959 கார்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். நான் கோபப்படுவது அதற்குப் பின் வந்தவர்கள் மேல். 1981இல் தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு சிலிண்டர்களில் ஓடும் எஞ்சின். யோசனை பிரமாதம், அன்றைய கம்ப்யூட்டரால் முடியவில்லை, பெரும்பாலான மாடல்களில் ஒரே வருடத்தில் கைவிட்டார்கள். 1982இல் அதே குழுமத்தின் மலிவுக் காரான ஷெவர்லே கவாலியருக்கு மேக்கப் போட்டு சிமரான் என்று விற்றார்கள். 1998இல் முதல் முறையாக லிங்கன் முந்திவிடும் என்ற நிலையில் டிசம்பர் விற்பனைக் கணக்கைக் கூட்டிக் காட்டி, அடுத்த வருடம் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். தாத்தா சேர்த்த சொத்தைப் பேரன்கள் விற்றுத் தின்ற கதை நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்தக் கடனை இன்றைக்குப் பட்டறை வாசலில் கட்டிக்கொண்டிருப்பது நான்.

இவ்வளவு திட்டிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தால் கோபம் போய்விடுகிறது, அதுதான் சங்கடம். என்னுடையது முன்னால் பெஞ்ச் சீட் போட்ட மாடல். மூன்று பேர் உட்காரலாம், கியர் ஸ்டீயரிங்கோடு இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா வந்தபோது கதவைத் திறந்து பார்த்ததும், "அம்பாசிடர் மாதிரியே இருக்கேடா" என்றார். அதுவரை என் காருக்குக் கிடைத்த ஒரே உண்மையான பாராட்டு. பின் சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெல்ட்டையும் போட்டுக்கொண்டு அப்படி உட்கார இடம் இருக்கிறது. மிச்சிகன் ரோடுகள் மார்ச் மாதம் பனி உருகும்போது எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சக்கரம் குழியில் இறங்கும் சத்தம் கேட்கும், உடம்புக்கு வந்து சேராது. சிகாகோ போய் இறங்கினால் முதுகு, முதுகு என்று ஒன்று இருப்பதையே சொல்லாது. முன் சக்கர இழுவை என்பதால் பனியிலும் மானத்தை வாங்கியதில்லை. நகருக்குள் மைலேஜ் பற்றிக் கேட்காதீர்கள்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, ஒரு 2010 டிடிஎஸ் சல்லிசாக வருது, வாங்கலாமா?" சல்லிசாக வருவதற்குக் காரணமே மேலே சொன்ன பேர்தான். அந்த வருடத்து எஞ்சினுக்கு அந்தப் பயம் அதிகப்படி. உட்கார்ந்து போவதற்கு அந்த விலையில் இதை விடச் சுகமான கார் கிடைக்காது. இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். சொல்லிவிட்டு, வாங்காதீர்கள் என்றும் சொன்னேன். அவருக்கு வேலை புதிது, ஊர் புதிது, கைக்குழந்தை இருக்கிறது. ஒவ்வொரு பட்டறையிலும் நின்று, முதலில் சோதனை போடுங்கள், அப்புறம் பேசலாம் என்று மல்லுக்கட்டப் பொறுமையும் வேண்டும், நல்ல மெக்கானிக் ஒருவரின் சகவாசமும் வேண்டும். வாங்கும்போது சல்லிசு என்றால் விற்கும்போதும் சல்லிசுதான்.

அவர் வேறு வண்டி பார்க்கிறார். அந்த 2010இல் முன்னால் பெஞ்ச் சீட்டா, தனித்தனி சீட்டா என்று மட்டும் விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். பெஞ்ச் என்றால் விற்பவருடைய நம்பரையும் அனுப்பச் சொன்னேன்.